அமெரிக்காவில் ஹோம் ஹெல்த் எய்ட் ஆவது எப்படி: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

வயதானவர்களையும் நோயாளிகளையும் அவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்ற பணியாளரை அமெரிக்காவில் ஹோம் ஹெல்த் எய்ட் என்பார்கள். குளிப்பாட்டுவது, உடை மாற்றிவிடுவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, ஊட்டிவிடுவது, காய்ச்சலும் நாடித்துடிப்பும் பார்த்துக் குறித்துவைப்பது, உடம்பில் ஏதாவது மாறுதல் தெரிந்தால் உடனே நர்ஸுக்குச் சொல்வது, இதெல்லாம் அந்த வேலை. நான் இந்தப் பயிற்சியை நியூயார்க்கில் முடித்தேன். வகுப்பு எனக்குப் பெரிய சிரமமாக இல்லை. வகுப்புக்கு முன்னும் பின்னும் கேட்கப்படும் காகிதங்கள்தான் படுத்தி எடுத்துவிட்டன. ஒன்று தாமதமானால் அடுத்தது நின்றுபோகிறது, எது எப்போது வேண்டும் என்று யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. எந்த வரிசையில் போனால் நாளும் பணமும் வீணாகாதோ, அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. வேலை செய்யும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்

பயிற்சி நிலையங்களில் பல இதைக் கேட்காமலேயே சேர்த்துக்கொள்ளும். வேலைக்குச் சேரும்போது மட்டும் ஐ-9 என்ற படிவம் வந்து நிற்கும். அங்கே அனுமதி இல்லை என்று தெரிந்தால், கையில் சர்டிஃபிகேட் இருந்தும் பலன் இல்லை.

கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் பிரச்சினை இல்லை. புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர்களுக்கு வேலை அனுமதி அட்டை, அதாவது இ.ஏ.டி., கையில் வந்திருக்க வேண்டும். ஹெச்-4 விசாவில், அதாவது ஹெச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் துணைவராக இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்: அந்த விசா மட்டும் இருந்தால் வேலை செய்ய முடியாது. பெரும்பாலும் கணவர் அல்லது மனைவிக்கு ஐ-140 மனு, அதாவது வேலை வழியாகக் கிரீன் கார்டு பெறப் போடும் மனு, ஒப்புதல் ஆகியிருந்தால்தான் இ.ஏ.டி.க்கு விண்ணப்பிக்கலாம். நிறுவன மாற்றலில் வந்தவரின் குடும்பத்துக்கான எல்-2 விசாவில் வந்த துணைவருக்குத் தனி அட்டை தேவையில்லை, நாட்டுக்குள் நுழைந்ததைப் பதியும் ஐ-94 படிவத்தில் எல்-2எஸ் என்று இருந்தால் போதும். மாணவரின் குடும்பத்துக்கான எஃப்-2 விசாவிலும் சுற்றுலா விசாவிலும் இருப்பவர்களுக்கு வழியே இல்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த அம்மாக்களிடம் "பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள், கையில் காசு தருகிறோம்" என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை விசாவுக்கே சிக்கல் வரும். வேண்டாம்.

இ.ஏ.டி. உள்ளவர்கள் காலாவதி தேதியைப் பாருங்கள். புதுப்பிக்க விண்ணப்பித்தால் பழைய அட்டை தானாக நீளும் என்ற சலுகை, 2025 அக்டோபர் 30 முதல் போடப்படும் பெரும்பாலான விண்ணப்பங்களுக்குக் கிடையாது. காலாவதிக்கு 180 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முதல் நாளே போட்டுவிடுங்கள்.

2. எந்தப் பயிற்சி என்று தீர்மானியுங்கள்

மூன்று பெயர்கள் உங்களைக் குழப்பும். பர்சனல் கேர் எய்ட் என்பது வீட்டு உதவியும் உடல் பராமரிப்பும் மட்டும், நியூயார்க்கில் அதற்கு 40 மணி நேரப் பயிற்சி. ஹோம் ஹெல்த் எய்ட் அதற்கு ஒரு படி மேல். நர்ஸிங் அசிஸ்டென்ட் என்பது பெரும்பாலும் நர்ஸிங் ஹோமிலும் மருத்துவமனையிலும் வேலை.

ஹோம் ஹெல்த் எய்ட் பயிற்சிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 75 மணி நேரம். அதில் 16 மணி நேரமாவது நர்ஸின் மேற்பார்வையில் செய்முறைப் பயிற்சியாக இருக்க வேண்டும். மாநிலங்கள் இதற்கு மேல் கேட்கலாம். நியூயார்க்கில் 75 மணி நேரம், நியூ ஜெர்சியில் 76, கலிஃபோர்னியாவில் 120. ஆகவே ஒரு மாநிலத்தில் படித்து இன்னொரு மாநிலத்தில் வேலை தேட நினைப்பவர்கள், வேலை பார்க்கப்போகும் மாநிலத்தின் விதியை முதலில் பாருங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்சி சிட்டியில் வீடு, இந்தப் பக்கம் மன்ஹாட்டனில் வகுப்பு என்றால் இது சின்ன விஷயம் இல்லை. நியூ ஜெர்சியில் சர்டிஃபிகேட் கொடுப்பது நர்ஸிங் வாரியம், நியூயார்க்கில் ஏற்பாடே வேறு.

சொந்த அம்மாவையோ அப்பாவையோ மட்டும் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள், அவர்களுக்கு நியூயார்க்கில் மெடிகெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, இருக்கிறது என்றால், இந்தப் பயிற்சியே தேவைப்படாமல் போகலாம். சி.டி.பி.ஏ.பி. என்ற திட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் சர்டிஃபிகேட் இல்லாமலேயே சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ள முடியும். கணவனுக்கு மனைவியோ, மனைவிக்குக் கணவனோ அப்படிச் செய்ய முடியாது.

ஊரில் நர்ஸாக வேலை பார்த்தவர்கள் முழுப் பயிற்சியையும் மறுபடி படிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். திறன் தேர்வை மட்டும் எழுதித் தகுதி பெற மத்திய விதியில் இடம் இருக்கிறது. ஆனால் மாநிலமும் வேலை கொடுக்கும் ஹோம் கேர் ஏஜென்சியும் ஒத்துக்கொள்ள வேண்டும். சேரும் முன் கேட்டுவிடுங்கள்.

3. பணம் கட்டும் முன் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள்

இந்தப் பயிற்சி இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஹோம் கேர் ஏஜென்சிகள் தங்களுக்கு ஆள் வேண்டும் என்பதற்காக இலவசமாக நடத்துவது ஒன்று. தனியார் பயிற்சிப் பள்ளிகள் சில நூறு டாலர் வாங்கிக்கொண்டு நடத்துவது இன்னொன்று. என் கருத்தில் முதலில் தேட வேண்டியது ஏஜென்சி வகுப்பு. படித்து முடித்ததும் அங்கேயே வேலை, மருத்துவப் பரிசோதனையையும் சில ஏஜென்சிகள் தாங்களே செய்துவிடும். இத்தனை மாதம் எங்களிடமே வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கொடு என்று ஏதாவது தாளில் கையெழுத்து கேட்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். படிக்காமல் போடாதீர்கள்.

பணம் கொடுத்துப் படிப்பதாக இருந்தால் இதையெல்லாம் வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள்: மொத்தக் கட்டணம் எவ்வளவு, அதில் புத்தகம், யூனிஃபார்ம், தேர்வுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், செய்முறைப் பயிற்சி எந்த இடத்தில். விளம்பரத்தில் ஒரு தொகை, சேர்ந்த பிறகு "பதிவுக் கட்டணம்", "பொருள் கட்டணம்" என்று வேறு தொகை. இது எனக்கும் நடந்தது, கூடப் படித்தவர்களுக்கும் நடந்தது.

அங்கீகாரம் இருக்கிறது என்று அவர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நியூயார்க்கில் மாநில சுகாதாரத் துறையோ கல்வித் துறையோ அங்கீகரித்திருக்க வேண்டும், நியூ ஜெர்சியில் நர்ஸிங் வாரியம், கலிஃபோர்னியாவில் பொது சுகாதாரத் துறை. அந்தத் துறையின் தளத்தில் உள்ள பட்டியலில் பள்ளியின் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். பெயர் இருந்து முகவரி வேறாக இருந்தால் துறைக்கு போன் செய்து கேளுங்கள்.

முழுக்க ஆன்லைனில் இரண்டு நாளில் சர்டிஃபிகேட் தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நர்ஸ் முன்னால் கையால் செய்துகாட்டாமல் இந்தத் தகுதியைப் பெற வழி இல்லை. அந்தத் தாளைக் கொண்டுபோனால் எந்த ஏஜென்சியும் எடுத்துக்கொள்ளாது.

4. எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர்

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு பக்கம், பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்தது இன்னொரு பக்கம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. அந்த மூன்றெழுத்து அப்புறம் ஓட்டுநர் உரிமம் வரை கூடவே வரும்.

வகுப்பில் சேரும்போது உங்கள் பெயரை எப்படி எழுதிக்கொடுக்கிறீர்களோ அப்படியேதான் சர்டிஃபிகேட்டிலும் மாநிலப் பதிவேட்டிலும் ஏறும். கைரேகை எடுக்கும்போது புகைப்பட அடையாள அட்டையில் உள்ள பெயரோடு ஒப்பிடுவார்கள். சம்பளம் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில், அதாவது அரசு தரும் எண் உள்ள அட்டையில், உள்ள பெயரில் போகும். இதில் ஓர் எழுத்து மாறினாலும் திருத்தும் வரை வேலை தொடங்காது.

ஆகவே வகுப்பில் சேருவதற்கு முன்பே கிரீன் கார்டு அல்லது இ.ஏ.டி., சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஓட்டுநர் உரிமம் அல்லது மாநில அடையாள அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், அப்புறம் மோட்டார் வாகன அலுவலகம். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் பெயர் மாற்றக் கட்டணம் இல்லை. பெயர் மாறியதற்கான ஆதாரமாகத் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். அது தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே இருக்கட்டும்.

பள்ளிச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. மத்திய விதியில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ கட்டாயம் இல்லை. படிக்க, எழுத, வாயால் சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். சில பள்ளிகளும் ஏஜென்சிகளும் தாங்களாகவே கேட்கும். சான்றிதழ் ஊரில் மாட்டிக்கொண்டிருந்தால், கேட்காத இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

5. மருத்துவப் பரிசோதனை: அதிக நாள் பிடிப்பது இதுதான்

வகுப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். வகுப்பில் இடம் உறுதியான உடனே இதைத் தொடங்குங்கள். பொதுவாகக் கேட்பவை: மருத்துவர் கையெழுத்திட்ட உடல் பரிசோதனைப் படிவம், காசநோய்ப் பரிசோதனை, தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் எதிர்ப்புச் சக்தி இருப்பதற்கான ஆதாரம். போதைப்பொருள் பரிசோதனையும் ஃப்ளூ ஊசியும் ஏஜென்சியைப் பொறுத்தவை.

காசநோய்ப் பரிசோதனையை முதலில் பார்ப்போம். கையில் தோலுக்கடியில் சின்ன ஊசி போட்டு, வீக்கம் வருகிறதா என்று பார்ப்பதுதான் பி.பி.டி. அதை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும், தாண்டினால் மறுபடி ஊசி. சனி, ஞாயிறு மூடும் கிளினிக் என்றால் வியாழக்கிழமை போட்டுக்கொள்ளாதீர்கள், பார்க்கும் நாள் விடுமுறையில் விழும். சில ஏஜென்சிகள் இரண்டு கட்டமாக, ஒன்று முதல் மூன்று வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை போடச் சொல்லும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தையில் பி.சி.ஜி. ஊசி போட்டிருப்பார்கள், தோளில் தழும்பு இருக்கும். அந்த ஊசியால் காசநோய் இல்லாதவருக்கும் பி.பி.டி. பாசிட்டிவ் காட்டலாம். அப்படிக் காட்டினால் மார்பு எக்ஸ்ரே, கூடுதல் படிவம், அதற்கு இன்னும் சில நாள். இதைத் தவிர்க்க நேராக ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். க்வான்டிஃபெரான் என்று சொன்னால் கிளினிக்கில் புரிந்துகொள்வார்கள். பி.சி.ஜி. அதைப் பாதிக்காது, திரும்பப் போய்க் கையைக் காட்டவும் வேண்டாம். விலை கூடுதல்தான், ஆனாலும் நம்மவர்களுக்கு அதுதான் சரி.

ரத்தப் பரிசோதனையிலும் பாசிட்டிவ் வந்தால் பயப்படாதீர்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்து இருமல், எடை குறைவு போன்ற அறிகுறி எதுவும் இல்லை என்றால், கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது, அடுத்தவருக்குப் பரவாது என்று பொருள். வேலைக்கு அது தடை இல்லை. ஆனால் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். நீங்கள் தொட்டுப் பார்த்துக்கொள்ளப்போவது நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை.

அடுத்தது தட்டம்மை. ஊரில் போட்ட ஊசியின் அட்டை இருந்தால் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் டைட்டர் என்ற ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லை என்று வந்தால் எம்.எம்.ஆர். ஊசி இரண்டு, நடுவில் குறைந்தது 28 நாள். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

இரண்டையும் எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். எம்.எம்.ஆர். ஊசி போட்ட பிறகு காசநோய்ப் பரிசோதனை செய்தால் முடிவு தவறாக வரலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்துகொள்ளுங்கள், அல்லது காசநோய்ப் பரிசோதனையை முதலில் முடியுங்கள். ஊசியை முதலில் போட்டுவிட்டால் நான்கு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள்.

காப்பீடு இல்லாதவர்கள் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமூக சுகாதார மையங்களுக்குப் போங்கள். எந்த முடிவாக இருந்தாலும் "நார்மல்" என்று எழுதிய சீட்டு போதாது, ஆய்வகத்தின் முழு அறிக்கையையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏஜென்சியும் அதையேதான் கேட்கும். ஹெபடைடிஸ் பி ஊசிக்கு மட்டும் சொந்தப் பணம் போடாதீர்கள். ரத்தம் படக்கூடிய வேலை என்றால் வேலை கொடுப்பவர்தான் அதை இலவசமாகத் தர வேண்டும்.

6. வகுப்பு

முழுநேர வகுப்பு இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும், மாலை வகுப்பும் வார இறுதி வகுப்பும் அதிகம் இழுக்கும். மணி நேரம் சட்டப்படி எண்ணப்படுவதால் ஒரு நாள் விட்டாலும் ஈடுசெய்தாக வேண்டும். குழந்தை பார்த்துக்கொள்ள ஆள், போக்குவரத்து எல்லாவற்றையும் முன்பே உறுதி செய்துகொண்டு சேருங்கள். விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், வழுக்காத மூடிய ஷூ, வெட்டிய நகம், இவை முதல் நாளே வேண்டும்.

7. செய்முறைத் தேர்வு

எழுத்துத் தேர்வு கடினம் இல்லை. செய்முறையில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள், அதுவும் வீட்டில் மாமியாரையோ தாத்தாவையோ வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டவர்கள். நம் கைப்பழக்கம் வேறு, அவர்கள் பார்ப்பது வேறு. மத்திய விதிப்படி ஒன்றுக்கு மேற்பட்ட பகுதியில் "திருப்தி இல்லை" என்று வந்தால் தேர்ச்சி இல்லை. ஒரு பகுதியில் மட்டும் வந்தால், அதை மறுபடி பயின்று தேறும்வரை நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே அந்த வேலையைச் செய்யலாம்.

நர்ஸ் கூர்ந்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். கை கழுவும்போது விரல்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும், குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும், குழாயைக் காகிதத் துண்டால் மூட வேண்டும். எதைத் தொடும் முன்னும் "இப்போது உங்கள் கையைத் துடைக்கப் போகிறேன்" என்று சொல்ல வேண்டும், அந்த இடத்தில் இருப்பது பொம்மையாக இருந்தாலும். துடைக்கும்போது முழு உடம்பையும் திறந்துவைக்கக் கூடாது, அந்தந்தப் பகுதியை மட்டும். கண்ணை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, அந்தரங்கப் பகுதியை முன்னிருந்து பின்னாக. பக்கவாதம் வந்தவருக்கு உடை போடும்போது பலவீனமான பக்கம் முதலில், கழற்றும்போது பலமான பக்கம் முதலில். சக்கர நாற்காலியைப் பலமான பக்கம் வைக்க வேண்டும், பிரேக்கைப் போட்ட பிறகுதான் ஆளை எழுப்ப வேண்டும். இந்த பிரேக்கை மறந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டார்கள்.

நாடித்துடிப்பைக் கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கையை எடுக்காமல் அப்படியே மூச்சையும் எண்ணுங்கள். எண்ணப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் மூச்சு மாறிவிடும். சொல்லாமல் செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

என்ன செய்யக் கூடாது என்பதையும் கேட்பார்கள். இன்சுலின் போடுவது, சர்க்கரை நோயாளியின் கால் நகம் வெட்டுவது, மருந்தின் அளவை நீங்களாகத் தீர்மானிப்பது, இவை உங்கள் வேலை இல்லை. வேலைக்குப் போன வீட்டில் நம் ஊர்ப் பாட்டி "நீ என் பொண்ணு மாதிரிதானே, ஒரு மாத்திரை கூடக் கொடு" என்று கேட்டாலும், நர்ஸைக் கூப்பிடுங்கள்.

வேற்று ஆணையோ பெண்ணையோ குளிப்பாட்டுவதில் கூச்சம் இருப்பவர்கள் நிறையப் பேர். அதைச் சேரும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள், ஏஜென்சியிடமும் நேராகச் சொல்லுங்கள். உங்களை நம்பி உடம்பைக் கொடுக்கும் ஒருவர் முன்னால் முகம் சுளித்தால் அவர் கூனிக்குறுகிப் போவார். அதை நான் பார்த்திருக்கிறேன். அது யாருக்கும் நடக்கக் கூடாது.

8. கைரேகை, பதிவேடு

நியூயார்க்கில் குற்றப் பின்னணிச் சோதனைக்கு உங்களை அனுப்புவது வேலை கொடுக்கும் ஏஜென்சி. நீங்களாக முன்கூட்டியே செய்துவைக்க முடியாது. நியூ ஜெர்சியில் இது நர்ஸிங் வாரியத்துக்குப் போடும் விண்ணப்பத்தோடு சேர்ந்தது. பழைய வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள், தள்ளுபடி ஆனதாக இருந்தாலும் நீதிமன்றத் தாளைக் கொண்டுபோங்கள்.

நியூயார்க்கில் படித்தவர்கள் சர்டிஃபிகேட் கைக்கு வந்ததும் மாநிலத்தின் ஹோம் கேர் வொர்க்கர் ரெஜிஸ்ட்ரியில் தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்ற வேண்டியது பள்ளி. பள்ளி தாமதித்தால் விடாமல் கேளுங்கள், ஏஜென்சி நம்புவது அந்தப் பதிவைத்தான்.

9. வேலையில் சேரும்போது

ஐ-9 படிவத்தில் உங்கள் பகுதியை முதல் நாளே நிரப்ப வேண்டும், அசல் ஆவணங்களை மூன்று வேலை நாளுக்குள் காட்ட வேண்டும். கிரீன் கார்டோ இ.ஏ.டி.யோ இருந்தால் அது ஒன்றே போதும். உரிமமும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் காட்டுவதாக இருந்தால், அட்டையில் "உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அனுமதியுடன் மட்டுமே வேலைக்குச் செல்லும்" என்ற பொருளில் ஆங்கில வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த அட்டை இதற்குச் செல்லாது.

சம்பளத்தைப் பேசத் தயங்காதீர்கள். நியூயார்க் நகரத்தில் ஹோம் கேர் பணியாளர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் 2025-இல் மணிக்கு 19.10 டாலர், பொதுவான குறைந்தபட்ச ஊதியத்தைவிட அதிகம். ஒரே நாளில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அதே ஏஜென்சிக்காகப் போனால் அந்தப் பயண நேரத்துக்கும் சம்பளம் உண்டு. உங்கள் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போகும் நேரத்துக்கு இல்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி என்று கேளுங்கள். நோயாளி மருத்துவமனையில் சேர்ந்துவிட்டால் உங்கள் மணி நேரம் நின்றுபோகும். அப்போது வேறு வீடு தருவார்களா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் போனில் பதிவு செய்ய வேண்டும். மறந்தால் அந்த நாள் சம்பளம் இழுபடும். முதல் சில மாதம் நேரங்களை ஒரு நோட்டிலும் எழுதிவையுங்கள்.

10. சர்டிஃபிகேட் வீணாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 12 மணி நேரத் தொடர்பயிற்சி உண்டு, பெரும்பாலும் ஏஜென்சியே நடத்தும். நியூயார்க்கில் உடல் பரிசோதனையும் ஆண்டுதோறும். நியூ ஜெர்சியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பிரசவத்துக்காகவோ ஊருக்குப் போவதற்காகவோ வேலையை விடுகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்யாமல் தொடர்ந்து 24 மாதம் போய்விட்டால், பயிற்சியையும் தேர்வையும் மறுபடி முடித்தாக வேண்டும். நீண்ட நாள் ஊரில் தங்கப்போகிறீர்கள் என்றால் கடைசியாக வேலை பார்த்த தேதி உள்ள சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, 24 மாதம் முடிவதற்குள் திரும்பி வந்து ஏதாவது ஓர் ஏஜென்சியில் சேர்ந்துவிடுங்கள்.